கல்லறை நிலையாவிட்டால் நம்பிக்கை என்னாகும்?



சிங்கப்பூர் சைனாடவுனில், மாரியம்மன் கோயில் அமைந்துள்ள சவுத் பிரிட்ஜ் சாலைக்கு அருகே, சேகோ லேன் என்றொரு சிறிய தெரு உண்டு. முற்காலத்தில் அங்கே ஜவ்வரிசி தயாரித்தார்கள். அதனால் அப்பெயர் வந்தது. பிற்காலத்தில் அத்தெரு மரண இல்லங்களுக்குப் பெயர் பெற்றது. சீனாவிலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கடியான அறைகளில் கூட்டமாக வசித்தனர். குடியிருக்கும் இடத்தில் ஒருவர் இறப்பது அபசகுனம் என்று கருதப்பட்டது. ஆகவே மரணத்தை நெருங்கியவர்களை அந்த இல்லங்களுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். 1961-ஆம் ஆண்டில் அவை தடை செய்யப்பட்டன.

உழைத்து ஓய்ந்துபோன மனித உடலுக்கு என்ன மதிப்பு? மரணத்திற்குப் பின் அதற்கு ஓர் எதிர்காலம் உண்டா? இக்கேள்விகளுக்குக் கிறிஸ்தவ சமயம் தரும் விடையைச் சற்றுப் பார்ப்போம்.

கடவுள் மண்ணால் மனிதனை உருவாக்கி, அவனுள் உயிர்மூச்சை ஊதினார் என்று ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. எபிரெய மொழியில் மண்ணுக்கு 'அதமா' என்று பெயர். மனிதனுக்கு 'ஆதாம்' என்று பெயர். மண்ணும் மனிதனும் சொல்லிலேயே உறவினர்! இந்த நம்பிக்கையின்படி, உடல் என்பது ஆன்மா கழற்றி எறியும் சட்டையன்று. ஆன்மாவை அடைத்து வைத்த சிறையுமன்று. உடலும் உயிரும் சேர்ந்ததே மனிதன். ஆகவே, மீட்பு என்றால் உடலுக்கும் அதில் பங்கு உண்டு. சரீரம் உயிர்த்தெழும் என்பதைத் திருச்சபையின் பழைய விசுவாச அறிக்கைகளிலேயே காணலாம்.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. சிங்கப்பூர் நிலம் குறைந்த நாடு. 1908-இல் திறக்கப்பட்ட பிடாடரி கிறிஸ்தவ மயானத்தில் 1972-க்குப் பின் அடக்கம் நடைபெறவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த கல்லறைகள் தோண்டப்பட்டன. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகளும் பூங்காவும் உள்ளன. சுவா சூ காங் மயானத்திலோ, 1998-ஆம் ஆண்டின் விதிப்படி, ஒரு கல்லறைக்குப் 15 ஆண்டுகளே தவணை. அதன் பின் எச்சங்களை எடுத்துத் தகனம் செய்து, அஸ்தி மாடத்தில் வைப்பது வழக்கம். "என் தாயின் எலும்புகளையும் எரித்துவிட்டால், அவள் எப்படி எழுந்து வருவாள்?" என்று ஒரு மகன் கலங்கினால் அதில் வியப்பில்லை.

இக்கேள்வி புதியதன்று. கி.பி. 177-இல் லியோன் நகரில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டபோது, பகைவர் அவர்களுடைய உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் நதியில் கரைத்தனர். உயிர்த்தெழும் நம்பிக்கையை முறியடிப்பதே அவர்களது நோக்கம் என்று யூசேபியசின் வரலாற்று நூல் தெரிவிக்கிறது. ஆனால் அந்த நம்பிக்கை முறியவில்லை. ஏன்? அது எலும்புகளின்மீது கட்டப்பட்டதன்று, படைத்தவர்மீது கட்டப்பட்டது. முதலில் மண்ணிலிருந்து உருவாக்கியவருக்குச் சாம்பல் ஒரு தடையாகுமா என்பதே அவர்களது வாதம்.

பவுல் அடிகளார் இதற்கு விதையை உவமையாகக் காட்டுகிறார். விதைப்பது ஒரு மணி; முளைத்து வருவது கதிர். இரண்டும் ஒரே உயிரின் தொடர்ச்சி. ஆயினும் தோற்றம் வேறு. பழைய உடல் அப்படியே திரும்புவதன்று உயிர்த்தெழுதல். அது அழியாத தன்மை பெறுவதே என்பது அவர் கருத்து. 1963-இல் கத்தோலிக்கத் திருச்சபையும் தகனத்துக்கு அனுமதி அளித்தது. எனினும் அஸ்தியைத் தூவிவிடாமல் புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-இல் அறிவுறுத்தியது. உடலாக இருந்த ஒன்றுக்குரிய மரியாதை அது.

நேயர்களே, உடல் கடவுளின் கைவேலை என்று நம்புகிறவர், கல்லறையில் மட்டும் அதற்கு மாலை சூட்டினால் போதாது. பக்கத்து வீட்டில் தனியே படுத்திருக்கும் முதியவரின் உடலும் அதே கைவேலைதான். ஒரு குவளை கஞ்சியோடு அவர் கதவைத் தட்டுவது அந்த நம்பிக்கைக்கு உகந்த செயலாகும்.