மலைக்குத் திருப்பித் தர வேண்டிய செடி

(ஜவ்வாது மலை அடிவாரத்தில் நடந்த ஆவாரை விதை வழங்கும் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



தென்னை, மா என்று கன்று கொடுக்காமல், ரோட்டோரத்தில் தானாக முளைக்கும் ஆவாரை விதையைக் கொடுக்கிறார்களே என்று சிலர் கேட்டார்கள். காரணம் இருக்கிறது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு ஊர்களில் நம் முன்னோர் செய்தது தோல் தொழில். அந்தக் காலத்தில் தோலைப் பதப்படுத்தியது ஆவாரம்பட்டை. அதன் துவர்ப்புச் சத்துதான் பச்சைத் தோலை அழுகாமல் காத்தது. பிறகு கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். இப்படிப் பதமான தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் லண்டன் சந்தை வரை போனது. அந்த வருமானத்தில் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் எழுந்தன. 1919-இல் வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி உருவானதிலும் தோல் வணிகர்களின் கொடை உண்டு.

பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. அதன் பின் குரோம் உப்பு வந்தது. ஆவாரை மறந்து போயிற்று. டேனரிக் கழிவால் பாலாற்றுப் படுகை என்ன ஆயிற்று என்பதை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் அளித்த தீர்ப்பு சொல்கிறது. டேனரிகள் உள்ள பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற ஆய்வை அது எடுத்துக்காட்டுகிறது. ஆவாரை நட்டால் அந்த மண் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த வட்டாரத்துச் செடியால் வாழ்ந்தவர்கள் நாம். அதை இந்த வட்டாரத்திலேயே வளர்த்துக் கொடுப்பது நம் கடமை என்றுதான் சொல்கிறேன்.

இனி வளர்க்கும் முறை. ஆவாரை விதையின் தோல் கடினமானது. அப்படியே போட்டால் கொஞ்சம்தான் முளைக்கும். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறியதும் விதையைப் போட்டு ஓர் இரவு ஊற வையுங்கள். உப்பிய விதையை மறுநாளே ஊன்றுங்கள். ஆணிவேர்ச் செடி என்பதால் நாற்றைப் பிடுங்கி நடுவதைவிட, ஆடி, ஆவணி மழை ஈரத்தில் நேராக ஊன்றுவதே நல்லது. வேலிக்கு மூன்றடி இடைவெளி போதும். வெயில் நன்றாக விழ வேண்டும். செம்மண், சரளை மண் எதுவானாலும் சரி; தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது. முதல் கோடையில் வாரம் ஒரு குடம் ஊற்றினால் பிழைத்துக்கொள்ளும். உரம் வேண்டாம். ஆடு மாடுகள் இதை விரும்பித் தின்பதில்லை என்பதால் வரப்புக்கும் கபரஸ்தான் ஓரத்துக்கும் ஏற்றது.

அவரைக் குடும்பத்துச் செடிதான் என்றாலும், அவரை, துவரை போல இதற்கு வேர் முடிச்சு கிடையாது. ஆகவே இது நின்றாலே மண்ணுக்குத் தழைச்சத்து கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். தழையை வெட்டி வயலில் மிதித்தால்தான் அது உரம். பூத்து ஓய்ந்ததும் கிளைகளைக் கவாத்து செய்தால் அடர்ந்து தழைக்கும். இலையில் பச்சைப் புழு கண்டால் மருந்து அடிக்க வேண்டாம். அது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். தின்ற இலை மறுபடி துளிர்க்கும்.

நாட்டு மருந்துக் கடைக்குப் பூ பறிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு செடியில் எல்லாப் பூவையும் பறிக்காதீர்கள். காய் பிடித்து விதை விழுந்தால்தான் அடுத்த செடி வரும். பூவை நிழலில் உலர்த்துங்கள், நிறம் மங்காது. பட்டை வேண்டுமென்றால் நிற்கும் செடியை உரிக்காமல் கிளையை வெட்டி உரியுங்கள். அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும்.

இன்னொன்று. ஆவாரம்பூத் தண்ணீர் குடிக்கிறோம் என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு ஒரு கைப்பிடி விதை தருவோம். அடுத்த ஆண்டு உங்கள் செடியில் காய்ந்த நெற்றிலிருந்து இரண்டு கைப்பிடி எடுத்து அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள். எங்களுக்குத் திருப்பித் தர வேண்டாம். அல்லாஹ் நம் எல்லோருடைய முயற்சியிலும் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.