படகுக்கு பிரேக் கிடையாது

(திருக்கோவிலூரில் ஆசிரியர்களுக்கு நடந்த பேரிடர் மேலாண்மைப் பயிற்சியில், மீட்புப் படகு ஓட்டிய அனுபவமுள்ள ஒருவர் ஆற்றிய உரை.)



2024 டிசம்பர் முதல் வாரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகும் மழை விடவில்லை. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் வந்தது. ஆண்டில் பல மாதம் மணலாகக் கிடக்கும் நம் தென்பெண்ணை, கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. மோட்டார் பொருத்திய ரப்பர் படகை நம் பகுதியில் பலர் அருகில் பார்த்தது அப்போதுதான்.

உங்களைப் படகோட்டிகளாக்க நான் வரவில்லை. ஆனால் படகு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால்தான், பிள்ளைகளை அதில் ஏற்றும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது விளங்கும்.

முதல் செய்தி, படகுக்கு பிரேக் கிடையாது. வேகத்தைக் குறைத்தாலும் அது சறுக்கிக்கொண்டே போகும். இன்னொன்றும் உண்டு. வெளியே மாட்டும் மோட்டாருக்குத் தனியாகச் சுக்கான் இல்லை. விசிறி தள்ளும் தண்ணீர்தான் படகைத் திருப்புகிறது. எஞ்சினை அணைத்தால் திருப்பும் சக்தியும் போய்விடும். பயந்துபோய் "நிறுத்து, நிறுத்து" என்று கத்துவதால் பயனில்லை.

இரண்டாவது, படகு பின்பக்கத்தால் திரும்புகிறது. கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகின் முனை வலப்பக்கம் போகும். விசிறி தண்ணீரைத் தள்ளுகிறது, தண்ணீர் படகைத் தள்ளுகிறது. பத்தாம் வகுப்பில் நீங்கள் நடத்தும் நியூட்டனின் மூன்றாம் விதிதான் இது. முனை கரையை விட்டு விலகும்போது வால் கரைப்பக்கம் வீசும். அங்கே நிற்பவரை விசிறி வெட்டிவிடலாம். அதனால் படகு புறப்படும்போது பிள்ளைகளை அதன் பின்புறம் நிற்க விடாதீர்கள்.

மூன்றாவது, நீரோட்டம். கரைசேரும்போது முனையை நீர் வரும் திசைக்கு எதிராக வைக்க வேண்டும். ஓட்டத்தின் வேகத்துக்குச் சமமாக மோட்டாரைக் கொடுத்தால் படகு நின்ற இடத்திலேயே நிற்கும். பிறகு முனையைச் சற்றே கரைப்பக்கம் சாய்த்தால், மெல்ல ஒதுங்கி வந்து சேரும். இதை விட்டுக் குறுக்கே நின்று ஒரு மரத்திலோ பாலத் தூணிலோ படகு மோதினால், தண்ணீர் ஒரு பக்கம் ஏறிக் கவிழ்த்துவிடும். ஆற்றில் தண்ணீர் வரும்போது பாதுகாப்பான கரையில் நின்று கபிலர் குன்றைப் பாருங்கள். முன்பக்கம் தண்ணீர் பாறையில் மோதி எழும்பும். பின்பக்கம் தணிந்து சுழலும். பாடமே கண்ணெதிரே நிற்கிறது.

நான்காவது, தண்ணீரில் விழுந்தவர். அவர் இருக்கும் இடத்துக்குக் கீழிருந்து நீரோட்டத்தை எதிர்த்துத்தான் நெருங்குவோம். மேலிருந்து வந்தால் ஓட்டம் படகை அவர்மேல் ஏற்றிவிடும். கை எட்டும் தூரம் வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் தூக்குவோம். ஓட்டுபவர் உடம்பில் ஒரு கயிறு மாட்டியிருக்கும். அவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கி எஞ்சின் தானே நின்றுவிடும். அந்தக் கயிறு மாட்டப்பட்டிருக்கிறதா என்று நீங்களும் பார்க்கலாம், கேட்கலாம்.

கடைசியாக, பாரம். ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடத்தில் மிதத்தலைச் சொல்லித் தருகிறீர்கள். ஆள் கூடக் கூட படகு அமிழும். விளிம்புக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்றால் ஈர்ப்பு மையம் உயரும். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் அவ்வளவுதான். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவில் ஹர்னி ஏரிக்குச் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகளின் படகு கவிழ்ந்தது. 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஏற்றியிருந்தார்கள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லை. அங்கே வெள்ளமும் இல்லை, புயலும் இல்லை.

நாமும் பிச்சாவரத்துக்கும், கல்வராயன் மலையில் கரியாலூர் படகுத் துறைக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். அங்கே மூன்று வேலை உங்களுடையது. படகில் எழுதியிருக்கும் எண்ணிக்கையைப் படியுங்கள், ஏறுபவர்களை எண்ணுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் ஜாக்கெட் கொக்கியையும் உங்கள் கையால் இழுத்துப் பாருங்கள். படகு கரையில் கட்டப்படும்வரை எவரும் எழக்கூடாது என்று ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

"இன்னும் நாலு பேர்தானே சார், ஏற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொல்வார்கள். நேரமாகிவிட்டது, பேருந்து காத்திருக்கிறது என்று உங்களுக்கும் தோன்றும். அப்போது நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "அடுத்த படகு வரட்டும்."