பாலைத் திருப்பி அனுப்பாதவர்கள்



‘தொழிலில் மனிதநேயத் தலைமை’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. எருமைப் பாலை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

குஜராத்தின் கெய்ரா மாவட்டத்தில் ஒரு காலத்தில் பாலுக்கு விலை வைத்தவர் வாங்குகிறவர்தான். குளிர்காலத்தில் எருமைகள் வெகுவாகக் கறக்கும். விலை இறங்கும், ‘இன்றைக்குப் போதும்’ என்று திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்த பாலை என்ன செய்வது? சர்தார் படேலின் ஆலோசனையோடு விவசாயிகள் 15 நாள் பால் தராமல் நிறுத்தினார்கள். 1946-இல் சொந்தமாகக் கூட்டுறவு ஒன்றியம் கண்டார்கள். அதுதான் நாம் அறிந்த அமுல். தலைவர் திரிபுவன்தாஸ் படேல், சிறை சென்ற காந்தியவாதி.

1949-இல் ஆனந்த் ஊருக்கு அரசு வேலையாக வந்தவர் வர்கீஸ் குரியன். லயோலாவிலும் கிண்டியிலும் படித்தவர். நம்ம ஊர்ப் படிப்புதான். எப்போது கிளம்பலாம் என்று இருந்தவரைப் பிடித்து நிறுத்தியவர் திரிபுவன்தாஸ். (இத்தனைக்கும் குரியனுக்குப் பால் குடிக்கும் பழக்கமே கிடையாது!) விவசாயிகள் திரிபுவன்தாஸை நம்பினார்கள், அவர் குரியனை நம்பினார். குரியனோ, ‘நான் விவசாயிகளின் சம்பளக்காரன்’ என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டார்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. உறுப்பினர் கொண்டுவரும் பாலை எந்த நாளும் மறுக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். சொல்வது சுலபம், குளிர்காலத்துப் பாலை எங்கே கொட்டுவது? பவுடராக்க வேண்டும். எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கைவிரித்தார்கள். குரியனின் நண்பர் தலாயா அதைச் செய்து காட்டினார். 1955-இல் நேரு வந்து ஆலையைத் திறந்து வைத்தார். அந்த இயந்திரங்களுக்குப் பின்னால் இருந்தது லாபக் கணக்கு மட்டுமல்ல. பால் பாத்திரத்தோடு வெறுங்கையாய்த் திரும்பும் பெண்ணின் முகமும்தான் என்று நான் நினைக்கிறேன். இரக்கம் வாய்ப்பேச்சோடு நிற்காமல் கொள்முதல் விதியாகவே ஆகிவிட்டது பாருங்கள்.

சங்கத்தில் எந்தச் சாதியானாலும் ஒரே வரிசை. கொழுப்பு அளந்து விலை. பணமும் கையோடு கையாக.

இந்தப் பணம் என்றதும் நம்மவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. இங்கே பலர் சொந்தத் தொழில் நடத்துகிறோம். சிறு தொழில் செய்பவருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனாலும் நம் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுத்தவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, ‘சார் இருக்காரா?’ என்று ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறாரா, இல்லையா? திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் அக்கவுண்ட்ஸ் பிரிவில் அந்த ஃபைலை மட்டும் ஒருமுறை வாங்கிப் பாருங்களேன்.