மாமனார் இல்லத்தில் இரண்டு தினங்கள்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெரும்பொருள் எதனையும் பேச வந்தேனல்லேன். சென்ற மாதம் சனி, ஞாயிறு இரு தினங்கள், காரைக்குடிக்கு அண்மையிலுள்ள என் மாமனார் இல்லத்தில் தங்கினேன். அங்குக் கண்டதையே உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

வீடு நம்மவர் வீடுதான். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என ஒரு வீதியில் தொடங்கி மறுவீதியில் முடிவது. வளவைச் சுற்றிப் புள்ளிக்கு ஓர் அறை. மணமான மகனை வேறு வைத்து, அறையும் அடுப்பும் தனியே தந்து, கூரையை மட்டும் பொதுவாய் வைத்துக்கொண்ட முன்னோரின் யுக்தியை எத்துணை வியந்தாலும் தகும். மாமியாரும் மருமகளும் உப்புக்கும் புளிக்கும் பிணங்காதிருக்க இதனினும் சிறந்த சட்டம் எந்தச் சட்டசபையிலும் இயற்றப்பட்டதாக யான் அறியேன்.

சனியிரவு அயித்தை தம் அறையைத் திறந்தார்கள். பித்தளை அண்டாக்கள், மங்கு ஜாடிகள், பர்மா அரக்குச் சாமான்கள், மேலே உத்தரம் வரையில் எவர்சில்வர். ஒவ்வொன்றிலும் உரியவள் பெயரின் முதலெழுத்துக்கள் வெட்டப்பட்டிருந்தன. தாயுடையது இது, ஆயாவுடையது இது என்று அவர்கள் தொட்டுக்காட்டியபோது, ஒரு குலத்துப் பெண்களின் சரித்திரத்தையே வாசித்ததுபோலிருந்தது. சீர் என்பது பெண்ணுக்கே உரிய சொத்து. அதனை இகழ்வோர் இவ்வெழுத்துக்களைக் கண்டிலர்.

ஞாயிறு காலை காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பக்கமாய் நடந்தேன். பழஞ்சாமான் கடையொன்றில் ஒரு பித்தளைத் தவலை. அதன் கழுத்திலும் மூன்றெழுத்து. எந்த ஆச்சியின் பெயரோ!

திரும்பியபோது அம்மான் பட்டகசாலையில் அமர்ந்து, என் கொழுந்தியின் திருமணச் சிட்டையை எழுதிக்கொண்டிருந்தார்கள். பதினொரு பக்கம். கடைசிப் பக்கத்தின் அடியில் ஈடு வைத்த நிலத்தின் தொகை. யான் திடுக்கிட்டு வினவியதற்கு, "மூத்தவளுக்குச் செய்த சிட்டையைப் பார்த்துத்தானே எழுதுகிறேன், மாப்பிள்ளை. ஒன்று குறைந்தாலும் சின்னவள் மனம் நோகுமே" என்றார்கள்.

மூத்தவளைக் கொண்டவன் யானன்றோ!

கொண்டுவிற்கச் சென்றவர் பொன்னோடு திரும்பிய காலத்தில் வளர்ந்தவை இச்சிட்டைகள். 1942-இல் ஜப்பானியர் பர்மாவினுட் புகுந்தபோது நம்மவர் பலர் உயிரொன்றே மிச்சமாய் ஓடிவந்தனர். 1948-இல் அங்கு இயற்றிய நிலச் சட்டமும், 1964-இல் கடைகள் அரசுடைமையானதும் எஞ்சியவற்றைக் கொண்டுபோயின. வரவு போயிற்று, சிட்டை மட்டும் போகவில்லை.

"இந்தப் பொங்கல் முதல் எங்களுக்குச் சீர் வேண்டாம், அம்மான்" என்றேன். பெரிய உபகாரம் செய்வதாக எனக்கு நினைப்பு. உள்ளிருந்து அயித்தை வந்தார்கள். "கொடுக்க வழியற்றுப் போனோமென்று ஊரார் பேசவா, மாப்பிள்ளை?" என்று கேட்டு, அன்று நண்பகல் உணவும் கொள்ளவில்லை. கொடுப்பவர் வாயால் நிறுத்த இயலாததொன்றைத் தனியே சென்று நிறுத்த முயன்ற என் பேதைமையை அப்போதுதான் உணர்ந்தேன்.

பின் யார் நிறுத்துவது? "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்குச் செய்வதைச் செய்யுங்கள்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் வாசகத்தை அனைவரும் அறிவீர்கள். வரதட்சணைத் தடுப்புச் சட்டம் 1961-இல் வந்தது. இவ்வாசகத்தை அஃது என்ன செய்யும்? கேளாததுபோல் நின்று பதினொரு பக்கமும் எழுதுவிப்பது இதுவே. என் திருமணத்தில் என் வீட்டாரும் இதனையே கூறினர். யான் அருகிலிருந்து கேட்டு வாளாவிருந்தேன்.

இப்பொழுது என் தம்பிக்குப் பெண் பார்க்கிறோம். இம்முறை சிட்டையை நாமே ஒரு பக்கத்தில் எழுதி, அதற்குமேல் ஒரு கிண்ணமும் கொள்ளோம் என்று பெண் வீட்டாருக்கு முன்னதாகவே சொல்லிவிட வேண்டுமென்று ஆத்தாவிடம் கூறியிருக்கின்றேன். ஐந்தாறு ஆச்சிமார் உடன் வந்து எடுத்துரைத்தால் அனுகூலமாகும். ஆத்தா இன்னும் இசைந்திலர்.