முதல் மோட்டார் வண்டி



சென்ற ஆனி மாதத்தில் ஒரு மாலை என் தங்கையின் மகன் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தான். நாஞ்சில் நாட்டில் மருமகன் வருகிறான் என்றால் முன்னாளில் வீட்டுப் பெரியவருக்குச் சற்றுக் கலக்கம் உண்டாகும். மாமன் சொத்து மருமகனைச் சேரும் மருமக்கள்வழி முறை இங்கே வழங்கிய காலம் அது. இப்போது அந்த முறையும் இல்லை, என்னிடம் சொத்தும் இல்லை. ஆகவே கலக்கமின்றியே அவனை வரவேற்றேன்.

அவனுக்கு வயது 22. பொறியியல் படித்துத் திருநெல்வேலியில் வேலை பெற்றிருக்கிறான். மோட்டார் ஓட்டும் உரிமம் கைக்கு வந்து 40 நாட்களே ஆகியிருந்தன. நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வேலைக்குச் சென்று வர ஒரு கார் வேண்டும் என்றான். எந்தக் காரை வாங்கலாம் என்று கேட்க அவன் வரவில்லை. அதை முன்பே முடிவு செய்துவிட்டான். அந்த முடிவைத் தன் தாய்க்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே வந்திருந்தான்.

அவன் விரும்பியது ஹூண்டாய் ஐ20 என் லைன் என்னும் கார். அதே ஐ20 வகையில் 83 குதிரைச் சக்தி கொண்ட எளிய கார் ஒன்றும் உண்டு. இவன் கேட்டதோ 120 குதிரைச் சக்தி உடையது. வேடிக்கை என்னவென்றால், சக்தி மிகுந்த காரின் எஞ்சின்தான் அளவில் சிறியது. அதன் கொள்ளளவு 998 கன சென்டிமீட்டர். எளிய காருக்கு ஏறத்தாழ 1,200. வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே ஒரு சிறு சுழலியைச் சுழற்றி, அதனால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறார்கள். டர்போ என்று நீங்கள் கேள்விப்படுவது இதுதான். இதனால் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போதே முழுமையான முறுக்கு விசை கிடைத்துவிடுகிறது. பழைய கார்களில் வேகம் படிப்படியாக ஏறும். ஏறுகிறது என்று எஞ்சினின் இரைச்சலே எச்சரிக்கும். இதில் கால் பெருவிரல் சற்று அழுந்தினால் போதும், கார் பாய்ந்துவிடும்.

நம் சட்டம் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக் கட்டணத்துக்குக் கார்களை எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டே வகுத்திருக்கிறார்கள். 2022-ல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி 1,000 கன சென்டிமீட்டருக்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1983-ல் வெளிவந்த மாருதி 800-இன் எஞ்சின் 796 கன சென்டிமீட்டர். அதன் சக்தி 40 குதிரையைக்கூட எட்டவில்லை. அதுவும் 120 குதிரைச் சக்தி உடைய இந்தக் காரும் காப்பீட்டுக் கணக்கில் ஒரே வகுப்பு! பதினாறு வயதுப் பிள்ளை இருசக்கர வண்டி ஓட்ட விரும்பினால் 50 கன சென்டிமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டம் தடுக்கிறது. ஆனால் 18 வயது நிறைந்து, பழகுநர் உரிமம் பெற்று, 30 நாள் கழித்துத் தேர்வில் தேறியவர், அன்று மாலையே நாட்டிலுள்ள எந்தக் காரை வேண்டுமானாலும் ஓட்டலாம். நியூசிலாந்தில் 1987 முதல் உரிமத்தைப் படிப்படியாகவே வழங்குகிறார்கள். இடைப்பட்ட படியில் இருப்பவர் இரவு 10 மணிக்கு மேல் தனியாக ஓட்டக்கூடாது. நண்பர்களை ஏற்றிச் செல்லவும் கூடாது. நம்மிடம் அப்படிப்பட்ட படிகள் இல்லை. வீட்டுப் பெரியவர்கள்தாம் அந்தப் படிகளாக இருக்க வேண்டியிருக்கிறது.

பெரியவர்கள் அப்படி இருக்கத் தவறிய செய்தி ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும். 2024 மே மாதத்தில் புனே நகரில், மின்விசையால் ஓடும் போர்ஷே கார் ஒன்று நள்ளிரவுக்குப் பின் மோதியதில் மோட்டார் சைக்கிளில் சென்ற இளம் பொறியாளர் இருவர் இறந்தனர். காரை ஓட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சிறுவனுக்கு வயது 17. விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது முதலில் அவனுக்கு விதிக்கப்பட்ட பிணை நிபந்தனைகளுள் ஒன்று. நாடே அதைக் கேட்டுக் கொதித்தது. வயது வராதவரிடம் வண்டியைக் கொடுக்கும் பெற்றோருக்கும் உரிமையாளருக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019-இன் திருத்தச் சட்டம் வழிசெய்திருக்கிறது.

என் மருமகன் அப்படிப்பட்டவன் அல்லன். வயது வந்தவன், சொந்தச் சம்பளத்தில் வாங்குபவன், பணிவுள்ளவன். அவனுடைய வாதமும் அறிவுக்குப் பொருந்தாதது அன்று. “மாமா, வேகமாக ஓட்டவா வாங்குகிறேன்? லாரியை முந்தும்போது சக்தி குறைந்த கார் எதிர்ப்பாதையில் நெடுநேரம் நிற்கும். சக்தி இருந்தால் சட்டென்று முந்தி உள்ளே வந்துவிடலாம். அதுவும் ஒரு பாதுகாப்புத்தானே?” என்றான்.

நான் உடனே விடை கூறவில்லை. அவனுக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது.

1980-இல் எனக்கு வயது 21. என் தாய்மாமன் ஒரு பிரீமியர் பத்மினி கார் வைத்திருந்தார். 1,089 கன சென்டிமீட்டர், சுமார் 40 குதிரைச் சக்தி. உரிமம் வாங்கி மூன்று மாதங்கூட ஆகாத நிலையில், ஆடி மாதத்தில் ஒரு நாள் அதை இரவல் வாங்கிக்கொண்டு நானும் என் நண்பரும் திருநெல்வேலி சென்று திரும்பினோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தப் பழமொழியின் பொருளை அறிய வேண்டுமானால் ஆரல்வாய்மொழிக்கு வர வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து வழிவிடும் அந்த இடைவெளியில் தென்மேற்குப் பருவக் காற்று முழுவதும் திரண்டு புகுகிறது. இன்று முப்பந்தலைச் சுற்றி நூற்றுக்கணக்கான காற்றாலைகள் சுழல்வதற்கு அதுவே காரணம். அன்று காற்றாலைகள் இல்லை. காற்று மட்டும் இருந்தது.

வேகமானியின் முள் 80-ஐத் தாண்டியிருந்தது. வலப்புறமிருந்து காற்று காரைத் தள்ளிக்கொண்டிருந்ததால், என்னை அறியாமலே சுக்கானைச் சற்று வலப்பக்கம் திருப்பிப் பிடித்திருந்தேன். எதிரே ஒரு லாரி வந்தது. அது எங்களைக் கடந்த கணத்தில் காற்று மறைந்தது. திருப்பிப் பிடித்த சுக்கான் அப்படியே இருந்ததால் கார் லாரியை நோக்கிப் பாய்ந்தது. நான் பதறி இடப்பக்கம் ஒடித்தேன். அதற்குள் லாரி கடந்துவிட்டது; நின்ற காற்று மீண்டும் முழு வேகத்தில் வலப்புறத்தில் அறைந்தது. கார் சாலையை விட்டிறங்கி, ஓடையைத் தாண்டி, ஒரு பனைமரத்தில் இடப்பக்கமாக மோதி நின்றது. இடப்பக்கத்தில் அமர்ந்திருந்தவர் என் நண்பர். எனக்கு நெற்றியில் ஒரு கீறல். அவருக்கு முழங்கால் நொறுங்கியது. அவர் கைப்பந்து ஆட்டக்காரர். காவல்துறை உதவி ஆய்வாளர் வேலைக்கு எழுத்துத் தேர்வு முடித்து, உடற்தகுதித் தேர்வுக்குக் காத்திருந்தார். அந்தத் தேர்வுக்கு அவர் போகவில்லை. வடசேரியில் ஒரு கடை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். இன்றும் அவர் தெருவில் வரும்போது கைத்தடியின் ஓசை முன்னே வரும். என்னை ஒரு நாளும் அவர் குறை கூறியதில்லை. கூறியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“இத்தனைக்கும் அது 40 குதிரை, மக்களே” என்றேன். அவன் பேசாமலிருந்தான்.

அன்று எனக்குக் குறைந்தது எஞ்சினின் சக்தி அன்று. காற்று மறையப்போகிறது என்பதை லாரியைக் கண்டவுடன் அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவு என்னிடம் இல்லை. 1972-இல் அமெரிக்காவில் மோரன்ட், ராக்வெல் என்னும் இரு ஆய்வாளர்கள், புதிதாக ஓட்டுபவரின் கண்ணும் பழகியவரின் கண்ணும் சாலையில் எங்கெங்கே செல்கின்றன என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். புதியவரின் பார்வை வண்டியின் முன்புறத்தை ஒட்டியே நின்றது. கண்ணாடிகளையும் அவர் குறைவாகவே பார்த்தார். பழகியவரின் பார்வை தொலைவில் உலவியது. இந்தப் பழக்கம் சாலையில் பல மாதம் ஓடித்தான் வரும், பணத்துக்கு வாராது. சட்டென்று முந்திவிடலாம் என்பதற்குச் சக்தி போதும். இப்போது முந்தலாமா என்று முடிவு செய்வதற்கு இந்தக் கண் வேண்டும். கண் வருமுன் சக்தி வந்துவிட்டால், முந்தக்கூடாத இடத்தில் முந்துவதற்கே அது துணை செய்யும்.

பிறகு ஒரு தாளை எடுத்து அவனுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். பௌதிகம் படிக்கும் மாணவர்கள் வீட்டில் போட்டுப் பார்க்கலாம். இரண்டு கார்கள் அருகருகே செல்கின்றன. ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர், மற்றொன்று 100. இரண்டுக்கும் ஒரே வகைப் பிரேக். வினாடிக்கு வினாடி 7 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று கொள்வோம். குறுக்கே ஒரு மாடு வருகிறது. கண்டு, உணர்ந்து, காலை மாற்றி அழுத்த இருவருக்கும் ஒரு வினாடி ஆகிறது. முதல் கார் அந்த ஒரு வினாடியில் 17 மீட்டரும், பிரேக் பிடித்தபின் 20 மீட்டரும் ஓடி, ஏறத்தாழ 37 மீட்டரில் நின்றுவிடும். அந்த இடத்தை இரண்டாம் கார் அடையும்போது அதன் வேகம் என்ன? நாற்பதோ ஐம்பதோ இருக்கும் என்றே பலரும் சொல்வார்கள். அவனும் அப்படியே சொன்னான். விடை, 90-க்கும் மேல். முதல் வினாடியிலேயே அது 28 மீட்டர் ஓடிவிட்டது. பிரேக் வேலை செய்ய மீதியிருந்தது 9 மீட்டர்தான். முதல் கார் மாட்டைத் தொடாமல் நிற்கும் அதே இடத்தில் இரண்டாம் கார் 90 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று அரசின் அறிக்கை கூறுகிறது. அவருள் பத்தில் ஏழு பேரின் சாவுக்கு அது காட்டும் காரணம் மிகு வேகம். நம் நாஞ்சில் நாட்டுச் சாலைகளையும் எண்ணிப் பாருங்கள். குளத்தங்கரையின் மேலே, ஒருபுறம் தண்ணீரும் மறுபுறம் வயலுமாக வளைந்து செல்பவை எத்தனை! ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. விடியுமுன்னே தோவாளைப் பூச்சந்தைக்கு விரையும் வண்டிகள் வேறு.

“அப்படியானால் பந்தயக்காரர்கள் எப்படி ஓட்டுகிறார்கள்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நெடுங்காலம் கார்ப் பந்தயங்கள் நடந்தன. பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதையே அமைந்தது. கோயமுத்தூரைச் சேர்ந்த கரிவரதன், இளைஞர் பழகுவதற்கென்று ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி ஒன்றை வடிவமைத்தார். அதில் பொருத்திய எஞ்சின் எது தெரியுமா? மாருதி 800-இன் எஞ்சின்! ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். அதே கோயமுத்தூரின் நரேன் கார்த்திகேயன் 1990-களின் தொடக்கத்தில் அந்த வண்டியில்தான் பந்தயத்தில் கால் வைத்தார். பிரான்சுக்குச் சென்று பயிற்சி பெற்றார். ஒவ்வொரு படியாக ஏறி 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். சின்ன எஞ்சினுக்கும் பெரிய எஞ்சினுக்கும் இடையே அவர் கழித்தவை பத்து ஆண்டுகளுக்கு மேல். அவர் ஓடிய பாதையில் எதிரே லாரியும் வராது, மாடும் வாராது.

இதைக் கேட்டதும் அவன் வேறொரு கோடிக்குப் போய்விட்டான். “சரி, யாராவது விற்கும் பழைய மாருதி 800 ஒன்றை வாங்கிக்கொள்கிறேன்” என்றான். அதையும் நான் ஒப்பவில்லை. சக்தி குறைவு என்பதால் மட்டும் ஒரு கார் பாதுகாப்பாகிவிடாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் நம் நாட்டுப் புதிய கார்களுக்கெல்லாம் 2019-இல்தான் கட்டாயமாயிற்று. காற்றுப் பைகள் அதன் பின்னர். 2014-இல் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு நம் நாட்டுச் சிறு கார்கள் ஐந்தை மோதிப் பார்த்தபோது ஐந்தும் பெற்றது ஒரு நட்சத்திரங்கூட இல்லை. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்று நமக்கே உரிய சோதனை வந்திருக்கிறது. 1980-இல் எங்கள் காரில் காற்றுப்பை இருந்திருந்தால் என் நண்பரின் முழங்கால் தப்பியிருக்குமா? பக்கவாட்டு மோதல் அது, ஐயமே. ஆயினும் வண்டி சறுக்கும்போது தானே சக்கரங்களைத் தனித்தனியாகப் பிடித்து நேராக்கும் அமைப்பு இன்று உண்டு. அது அன்று இருந்திருந்தால் நாங்கள் சாலையிலேயே நின்றிருக்கக் கூடும் என்று இன்னும் சில இரவுகளில் எண்ணிக்கொள்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து, அவன் 83 குதிரைச் சக்தி உடைய காரையே வாங்கினான். மீந்த பணத்தை டயருக்கும் காப்பீட்டுக்கும் ஒதுக்கினான். இரண்டு ஆண்டு கழித்து மாற்றிக்கொள்வேன் என்று என்னிடம் உறுதிமொழி வாங்கிக்கொண்டான், நானும் கொடுத்தேன். முதல் மூன்று மாதம் கணவாயைக் கடக்கும்போது பக்கத்தில் நான் அமர்வது என்றும் பேசிக்கொண்டோம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல். அவனைத் தனியே விட மனமில்லை. செய்தி எப்படியோ வடசேரிக்குப் போயிருக்கிறது. கைத்தடியின் ஓசை வாசலில் கேட்டது. “என்னவே, பிள்ளை கூட நான் போயிட்டு வாறேன்” என்றார் என் நண்பர். அந்த நாளுக்குப் பின் எந்தக் காரிலும் அவர் முன்னிருக்கையில் அமர்ந்ததில்லை. கதவைத் திறந்து, தடியைப் பின்னிருக்கையில் வைத்துவிட்டு, முன்னே ஏறி அமர்ந்து வாரைப் பூட்டிக்கொண்டார். அவர்கள் ஆரல்வாய்மொழி தாண்டித் தொலைபேசியில் அழைக்கும்வரை நான் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன்.