தாழ்ச்சி வேறு, தாழ்த்தப்படுவது வேறு

(கிறிஸ்தவ தலித் மாணவர் முகாமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



‘இளம் கிறிஸ்தவரின் வளர்ச்சியும் வாழ்க்கை இலக்கும்’ என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. காலையில் உங்களுக்கு ஆளுமை வளர்ச்சி வகுப்பு நடந்தது. ஆளுக்கொரு தாள் கொடுத்து, இன்னும் பத்து வருசத்தில் எங்கே இருப்பீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ், வக்கீல், போலீசு, சாமியார், வெளிநாட்டு வேலை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு தங்கச்சி மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டது: ‘எங்க தெருவுல இருக்க மாட்டேன்.’ யாரென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரியைப் படித்த பிறகு, நான் எழுதிக்கொண்டு வந்த பேச்சை அப்படியே பேச முடியவில்லை.

ஏனென்றால் அது என்னுடைய வரி. நான் கல்லூரியில் சேர்ந்தபோது விடுதியில் பக்கத்துக் கட்டில் பெண் கேட்டாள், ‘உங்க ஊர்ல எந்தத் தெரு?’ கோயில் தெரு என்று சொன்னேன். எங்கள் காலனிக்கும் மாதா கோயிலுக்கும் நடுவில் ஓர் ஓடையும் ஒரு சாதியும் இருக்கிறது. ஒரு நாள் எங்கம்மா களை எடுத்த காசில் முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு விடுதிக்கு வந்தாங்க. நான் கேட்டுக்கு ஓடினேன். பாசத்தில் ஓடவில்லை. அம்மா உள்ளே வந்து பேசிவிடக் கூடாதே என்று ஓடினேன். அவங்க பேச்சு காட்டிக்கொடுத்துவிடும். பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார வைத்துப் பேசி அனுப்பினேன். ‘யாரது?’ என்று கேட்டவளிடம், ‘ஊர்க்காரங்க’ என்றேன். இராயப்பர் மூன்று தரம் மறுதலித்தார், அவரையும் பேச்சுதான் காட்டிக்கொடுத்தது என்று புதுநன்மை வகுப்பில் படித்தது அன்று ராத்திரி ஞாபகம் வந்தது. சேவல் கூவவில்லை, அவ்வளவுதான். முறுக்கை எல்லாருக்கும் பங்கு வைத்துத் தின்றோம்.

அந்த வருசம் நான் வகுப்பில் முதல் மாணவி. ஆங்கிலம் பேசக் கற்றுக்கொண்டேன். எல்லாரும் அதை வளர்ச்சி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தெருவை விட்டு ஓடுவதுதான் வளர்ச்சி என்றால், அண்ணல் அம்பேத்கர் ஓடாத தூரமா? 1913இல் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அப்புறம் இலண்டன். 1917இல் பரோடாவில் வேலைக்கு வந்தவருக்குத் தங்க ஒரு அறை இல்லை. பார்சி விடுதியில் தங்கியவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அவ்வளவு படிப்பும் கூட இருந்தும் சாதி அவரைக் கண்டுபிடித்துவிட்டது. அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் இன்னும் நல்லா ஒளிந்துகொள்வது எப்படி என்பதல்ல.

சரி, நம்ம சபை நமக்கு எதை வளர்ச்சி என்று கற்றுக்கொடுத்தது? தாழ்ச்சி. சின்ன வயசிலிருந்து தாழ்ச்சி, பொறுமை, கீழ்ப்படிதல். நல்ல குணங்கள்தான். ஆனால் ஊர்த்தெருக்காரருக்குப் பிரசங்கத்தில் மட்டும் தாழ்ச்சி, நமக்கு வாழ்க்கை முழுக்கத் தாழ்ச்சி. தோழர்களே, தாழ்ச்சி என்பது உயரத்தில் இருக்கிறவன் தானாக இறங்கி வருவது. தாழ்த்தப்படுவது என்பது அடுத்தவன் நம்ம தலையைப் பிடித்து அமுக்குவது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது தற்செயல் இல்லை.

லூக்காவைத் திறந்து பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பையன் கோயிலில் உட்கார்ந்து பெரிய பெரிய போதகர்களைக் கேள்வி கேட்கிறான். அதற்கப்புறமும் வளர்ந்தான் என்று லூக்கா எழுதுகிறார். பெரியவனானதும் தன் இலக்கைச் சொல்ல எங்கே போகிறார்? சொந்த ஊர் நாசரேத்துக்கு. ஏழைக்கும் சிறைப்பட்டவனுக்கும் ஒடுக்கப்பட்டவனுக்கும் விடுதலை, இதுதான் என் வேலை என்று அங்கே நின்று சொல்கிறார். ஊரே சேர்ந்து மலை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. நாசரேத்து என்றால் கேவலமான ஊர் என்று பேச்சு இருந்த காலம். அவர் ஊர்ப்பேரை மறைக்கவில்லை. சிலுவையில் மாட்டிய பலகையிலும் ஊர்ப்பேரோடுதான் எழுதினார்கள்.

மறைக்காமல் நின்றால் என்ன ஆகும் என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்த பிணத்துக்கு நடுவில் சாதிச்சுவர் எழுப்பினார்கள். எறையூரில் தனிப்பங்கு கேட்ட நம்ம மக்களின் வீடுகள் 2008 மார்ச்சில் தாக்கப்பட்டன. போலீசு துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்கள் எதிர்த்தரப்புக் கிறிஸ்தவர்கள். அதில் நமக்கு ஒரு சந்தோசமும் இல்லை. சாதி அவர்களையும்தான் தின்றது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டது 2016 டிசம்பரில். உங்க பங்கில் யாராவது அதைப் படித்துக் காட்டினார்களா? கை தூக்குங்கள். (யாரும் தூக்கவில்லை.)

சபை இப்படி. அரசாங்கம்? 1950இல் குடியரசுத் தலைவர் ஆணை போட்டார்கள். இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றார்கள். 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். நாம் மட்டும் வெளியே. தமிழ்நாட்டில் நம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அதாவது, நம்மை அடிக்கிறவன் இருக்கிற அதே வரிசையில் நின்று அவனோடு போட்டி போட வேண்டும். தனித்தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நமக்கு இல்லை. மதத்துக்கும் பட்டியல் சாதி உரிமைக்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் சொன்னது. 2022இல் பாலகிருஷ்ணன் ஆணையம் அமைத்தார்கள். இரண்டு வருசம் என்றார்கள், அப்புறம் கால நீட்டிப்பு. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் நமக்காகத் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று ஒரு வழக்கில் சொன்னது.

மோசடி. இந்தச் சொல்லைப் படித்தபோது எனக்கு எங்க அண்ணன் முகம்தான் வந்தது.

அவருக்கு ஞானஸ்நானப் பேர் ஒன்று, சான்றிதழ்ப் பேர் ஒன்று. இந்து என்று சான்றிதழ் வாங்கி அரசாங்க வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். அவர் அனுப்பிய பணத்தில் படித்துக்கொண்டே, ஒரு கிறிஸ்துமசுக்கு அவரைப் பார்த்து, ‘முப்பது வெள்ளிக்காசுக்கு வித்துட்ட’ என்று சொன்னேன். ரொம்ப விசுவாசமாகப் பேசிவிட்டதாக நினைப்பு. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா செத்தபோது அவர் வந்தார். கல்லறை கேட் வரைக்கும் வந்தார். உள்ளே வரவில்லை. எவனாவது செல்போனில் போட்டோ எடுத்து மொட்டைக் கடுதாசி போட்டால் வேலை போய்விடும். என்னைக் கூப்பிட்டு, ‘எனக்கும் சேத்து ஒரு பிடி மண்ணு போடு பாப்பா’ என்றார். இரண்டு பிடி போட்டேன். அம்மாவை நான் கேட்டில் நிறுத்தினேன். அண்ணனைச் சட்டம் கேட்டில் நிறுத்தியது. இதில் யார் மோசடிக்காரர் என்று நீங்களே சொல்லுங்கள்.

அன்றைக்குத்தான் என் வளர்ச்சி தொடங்கியது. அதனால் இலக்கு என்று நான் எதைச் சொல்கிறேன் என்று கேட்டால், முதலில் விலாசத்தைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள். சின்ன விசயமில்லை. எனக்கு ஏழு வருசம் பிடித்தது. அதே சமயம், வயிற்றுக்காக விலாசத்தை மாற்றியவரை நாம் கல்லால் அடிக்க வேண்டாம். அவரை அந்த நிலைக்குத் தள்ளிய 1950ஆம் வருச ஆணையைத்தான் அடிக்க வேண்டும்.

அடுத்தது படிப்பு. நர்சோ வக்கீலோ எதுவானாலும் ஆகுங்கள், நன்றாக ஆகுங்கள். ஆனால் அரசாணையையும் தீர்ப்பையும் நீங்களே படிக்கிற அளவுக்குப் படியுங்கள். பங்குப் பேரவையில் உட்காருங்கள். நம்ம சபைப் பள்ளியில் நம்ம பிள்ளைகள் எத்தனை பேர், நம்ம ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று கணக்குக் கேளுங்கள். பாமா கன்னியர் மடத்தில் சேர்ந்தார், அங்கேயும் சாதியைப் பார்த்தார், வெளியே வந்தார், ‘கருக்கு’ எழுதினார். 1992இல் வந்த புத்தகம். மடத்தை விட்டதைத் தோல்வி என்றார்கள். அந்தத் தோல்வியிலிருந்துதான் எத்தனையோ பேருக்கு வாய் திறந்தது. எடுத்த இலக்கை விடுவதும் சில சமயம் வளர்ச்சிதான்.

தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. உங்கள் இலக்குத் தாளுக்குப் பின்னால் யார் சோறு பொங்குகிறார்கள், யார் படிப்பை நிறுத்தினார்கள் என்று பாருங்கள். அக்கா தங்கச்சி முதுகில் ஏறி நின்றுகொண்டு விடுதலை பேசாதீர்கள்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, நம்ம பரட்டை அண்ணன், ‘ஒரு உலை’ என்று சொல்வார். அவரவர் அரிசியை ஒரே உலையில் போட்டு எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது. நம்ம தெருவில் இந்துவும் இருக்கிறார், பௌத்தரும் வருகிறார், பெந்தெகொஸ்தேகாரரும் இருக்கிறார். அடி விழும்போது எவனும் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டு அடிப்பதில்லை. உலையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் சம்பாதிக்கப்போகிற படிப்பு, சம்பளம், ஆங்கிலம் எல்லாம் அந்த உலையில் போடுகிற அரிசி.

அவசரமும் வேண்டாம். இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அண்ணல் 1935இல் யேவலாவில் அறிவித்தார். நாக்பூரில் பௌத்தம் ஏற்றது 1956இல். நடுவில் இருபத்தொரு வருசம். அந்த இருபத்தொரு வருசமும் படித்தார், மக்களைத் திரட்டினார், யோசித்தார். ஒரு மத்தியான வகுப்பில் நிரப்பிக் கொடுக்கிற தாளில்லை இலக்கு.

அந்தத் தங்கச்சிக்குக் கடைசியாகச் சொல்கிறேன். தெருவை விட்டுப் போ தாயி. தாராளமாகப் போ. சாக்கடையிலும் ஒழுகுற கூரையிலும் கிடக்க வேண்டுமென்று உனக்கு எந்த வேண்டுதலும் இல்லை. ஆனால் போகிற இடத்தில், ‘எந்தத் தெரு?’ என்று எவளாவது கேட்டால், நான் சொன்ன பதிலை மட்டும் சொல்லாதே. உங்கம்மா விடுதிக்கு வந்தால் உள்ளே கூட்டிக்கொண்டு போ. உன் கட்டிலில் உட்கார வை.

ஜெய் பீம்.