தோற்றவர் ஏறிய ரயில்



1997 மே 2, விடியற்காலை மூன்று மணி. வடக்கு லண்டனில் என்ஃபீல்டு சவுத்கேட் தொகுதியின் முடிவை அறிவிக்கிறார்கள். மேடையில் நிற்கிறார் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் மைக்கேல் போர்ட்டில்லோ. முன்னாள் பிரதமர் தாட்சரின் வாரிசு என்று கன்சர்வேடிவ் கட்சிக்காரர்கள் பலர் நம்பியவர். முந்தைய தேர்தலில் பதினைந்தாயிரம் வாக்குகளுக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதி அது. இப்போது தொழிற்கட்சியின் முப்பது வயது ஸ்டீபன் ட்விக்கிடம் 1,433 வாக்குகளில் தோற்றார். முகம் சுருங்கவில்லை, உதடு மட்டும் லேசாக இறுகியது. அதை டி.வி.யில் பார்த்தாயா என்று கேட்பதே பிரிட்டிஷ்காரர்களுக்கு ஒரு வழக்காகிவிட்டது.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தோற்ற குடியரசுத் தரப்பிலிருந்து அகதியாக வந்தவர் போர்ட்டில்லோவின் அப்பா. மகனோ வலதுசாரிக் கட்சியில் மளமளவென ஏறினார்.

தோல்விக்குப் பின் 1999 இடைத்தேர்தலில் ஜெயித்துத் திரும்பினார். 2001இல் கட்சித் தலைமைக்குப் போட்டி. எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் கென்னத் கிளார்க்குக்கு 59, இயன் டங்கன் ஸ்மித்துக்கு 54, இவருக்கு 53. ஒரே ஒரு ஓட்டில் போட்டியிலிருந்து வெளியே போனார். 2005இல் நாடாளுமன்றத்துக்கே முழுக்குப் போட்டார்.

அதற்கு முன்பே பி.பி.சி.யின் இரவு அரசியல் நிகழ்ச்சியில், தொழிற்கட்சியின் டயான் அபாட்டோடு ஒரே சோஃபாவில் உட்கார்ந்து வம்பளக்கத் தொடங்கியிருந்தார். பள்ளி நாள்களிலிருந்தே இருவருக்கும் பழக்கம். 2010இல் ரயில் பயணத் தொடர் வந்தது. கையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிராட்ஷா ரயில் வழிகாட்டி, உடம்பில் கண்ணைப் பறிக்கும் கலர் கோட்டு. இந்தியாவுக்கும் வந்தார்; மைசூருவிலிருந்து சென்னை வரைக்கும் ஒரு பயணம் உண்டு.

ரயில் பாசம் கேமராவுக்காக வந்ததல்ல. 1988இல் போக்குவரத்துத் துறையில் இணை அமைச்சரானபோது, வட இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் பாதையை இழுத்து மூடிவிட ரயில்வே நிர்வாகம் துடித்துக்கொண்டிருந்தது. ரிபிள்ஹெட்டில் இருபத்து நான்கு வளைவுகளோடு நிற்கும் பாலத்தைப் பழுதுபார்க்கச் செலவாகும் என்பது முக்கியக் காரணம். 1989இல் அரசு மறுத்தது, பாதை தப்பியது. தன் அரசியல் வாழ்வின் பெரிய சாதனையாக அவர் சொல்வது இதைத்தான். எனக்கும் அதில் மறுப்பில்லை.

ஆனால் ஏழை பணக்காரர் பார்க்காமல் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்த தலைவரிக்காக வாதாடிய அமைச்சரும் இவர்தான். கலர் கோட்டை ரசிக்கிறவர்கள் அந்தக் கணக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். நான் செய்யமாட்டேன்.